அதிகம் பேசும் உறுப்பினர்

குழுப்பணி என்பது, ஒத்த இன்னலுக்கு ஆளான சிலரை ஒரு வட்டத்தில் அமரச் செய்து, அவர்களிடையே உருவாகும் உறவின் வழியாகவே ஒவ்வொருவரையும் வலிமை பெறச் செய்யும் சமூகப்பணி முறையாகும். இவ்வரையறையை நான் நாற்பத்தைந்தாம் வயதில், பேருந்தின் சன்னலோர இருக்கையில் அமர்ந்து, வாய்விட்டுச் சொல்லி மனப்பாடம் செய்தேன். பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு எழுந்து முன்னால் போய் நின்றுகொண்டார். அதில் எனக்கு மனத்தாங்கல் ஏதுமில்லை. இருக்கை முழுவதும் எனக்கே கிடைத்தது. புத்தகத்தை நன்றாக விரித்துக்கொண்டேன்.

அதற்கு முன் நான் ஆயத்த ஆடை ஆலையொன்றில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். சட்டைத் தையலை விளக்கடியில் விரித்து, பிசிறு தெரிந்தால் சிவப்புச் சீட்டு ஒட்டுவது என் வேலை. பள்ளி இறுதித் தேர்வை அங்கே தேநீர் இடைவேளைகளில் படித்தே முடித்தேன். பல்கலைக்கழகச் சமூகப்பணித் துறையின் சேர்க்கை நேர்காணலில், வகுப்புக்கு வர இடையூறாகக் குடும்பப் பொறுப்பு ஏதேனும் உண்டா என்று வினவினார்கள். இல்லை என்றேன். சற்றும் தயங்காமல் சொன்னேன். தயங்கியிருந்தால் அந்த இடம் வேறொருவருக்குப் போயிருக்கும்.

என் கணவர் கட்டடங்களுக்கு வண்ணம் பூசுபவர். சாரம் சரிந்து விழுந்ததில் தலையில் அடிபட்டது. எலும்புகள் கூடின, நினைவு கூடவில்லை. என்னைத் தெரியும், தன் தங்கையைத் தெரியும், எங்கள் கல்யாணத்தன்று மழை பெய்ததும் தெரியும். சற்று முன் தான் செய்தது மட்டும் தெரியாது. யாரையும் அடிக்க மாட்டார், வைய மாட்டார். நாள் முழுதும் உள்ளங்கையால் சுவரைத் தடவியபடி நடப்பார். மேடு பள்ளம் பார்க்கிறாராம். அவரிடம் அஞ்சத்தக்கது ஒன்றே ஒன்றுதான். திடீரென்று என்மீது பாசம் பொங்கி, எனக்குத் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைப்பார். பாலை ஏற்றிவிட்டுச் சுவரைப் பார்க்கப் போய்விடுவார்.

ஆகையால் நான் வெளியே போகும்போது எரிவாயு உருளையின் ரெகுலேட்டரை மூடிவிடுவதும், வகுப்பு நாட்களில் நாத்தனார் வந்து அவருடன் இருப்பதும் எங்கள் வீட்டின் நடைமுறை. நாத்தனார் ரொட்டித் தொழிற்சாலையில் விடிகாலை வேலை முடித்து நேரே வருவாள். அவளிடம் ஒரு சாவி உண்டு. அவள் வர முடியாமற்போன இரு தடவைகள் நான் வகுப்புக்குப் போகவில்லை. குழுப்பணிப் பயிற்சிக்கு மூன்றாம் முறை வராதவர் அத்தாளில் தவறியவராவார் என்பது துறையின் விதி; தாளில் தவறினால், வயது வரம்பைத் தளர்த்திச் சேர்க்கப்பட்ட என்னைப் போன்ற சலுகை மாணவர்களின் இடம் ரத்தாகும்.

அன்று நாத்தனார் தொலைபேசியில் கூப்பிட்டு, "அண்ணி, பஸ் ஏறிட்டேன். நீங்க கெளம்புங்க, இதோ வந்துடறேன்" என்றாள். அவர் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வெளித் தாழ்ப்பாளை இழுத்துப் பூட்டைப் பூட்டி, படி இறங்கி ஓடினேன். அன்று என் குழுவுக்கு மதிப்பெண் இடும் நாள்.

பயிற்சி அறை இரண்டாம் மாடியில் இருந்தது. கதவின் கண்ணாடியில் வெளியார் பார்வை படாதவாறு பழுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். நடுவில் ஒரு சிறு வட்டமாக நாற்காலிகள். அதில் குழு அமரும். சுற்றிலும் பெரிய வட்டம். அதில் மற்ற மாணவர்கள் அமர்ந்து உற்றுநோக்கிக் குறிப்பெடுப்பார்கள். அமர்வு தொடங்கிய பின் கதவு சாத்தப்படும். முடியும்வரை எவரும் எழுந்து போகலாகாது. கைப்பேசிகளைக் காய்கறிக் கூடை ஒன்றில் போட்டுவிட வேண்டும்.

கூடை என்னிடம் வந்தபோதுதான் என் கைப்பேசி அதிர்ந்தது. நாத்தனாரின் செய்தி. "அண்ணி, பாதி வழியில எறங்கிட்டேன். பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல கூப்பிட்டாங்க. நீங்க இன்னும் கெளம்பலதானே?"

"போட்டாச்சா?" என்றார் பேராசிரியை. அவர் கையில் கூடை காத்திருந்தது. அவர் கடிந்து பேசும் வழக்கமுடையவர் அல்லர்; காத்திருப்பார், அவ்வளவுதான். அது கடிந்து பேசுவதைவிடக் கடினமானது.

போட்டுவிட்டேன். மாத்திரையின் மயக்கம் மதியம்வரை இருக்கும், தூங்கிக்கொண்டுதான் இருப்பார் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். கதவு சாத்தப்பட்டது.

பயிற்சியின் முறையை இங்கே விளக்குவது அவசியம். வீட்டில் நோயாளியைப் பராமரிப்போருக்கான ஆதரவுக் குழு என்பது அன்று எங்களுக்கு இட்ட சூழல். ஒரு மாணவர் குழுவை வழிநடத்துவார். மற்ற உறுப்பினர்களுக்கு ஆளுக்கொரு அட்டை வழங்கப்படும். அவரவர் ஏற்று நடிக்க வேண்டிய பாத்திரம் அதில் எழுதியிருக்கும். அட்டையைப் பிறருக்குக் காட்டலாகாது. எனக்கு வந்த அட்டையில் இருந்தது: "அதிகம் பேசும் உறுப்பினர். தன் துன்பத்தைப் பெரிதுபடுத்துவார். எதைச் சொன்னாலும் தன் கதைக்கே திரும்புவார். பிறரைப் பேச விடமாட்டார்."

வழிநடத்தியவனை வகுப்பில் கடிகாரம் என்று அழைப்போம். எவர் பேசினாலும் மணிக்கட்டைப் பார்ப்பான். கெட்டவன் அல்லன், பாடத்தை வரி பிசகாமல் கற்றவன். எனக்கு நேரெதிரே ரேடியோ. வாய் ஓயாத பையன். என் வலப்புறம் இருந்தவள் கூச்ச சுபாவமுள்ள இளம்பெண். வருகைக்குப் பதில் சொன்னாலே பக்கத்து நாற்காலிக்குத்தான் கேட்கும் என்பதால் அவளுக்கு மியூட் என்று பெயர்.

கடிகாரம் தொண்டையைச் செருமிக்கொண்டான். "எல்லாருக்கும் வணக்கம். போன தடவை பேசினதுல இருந்து இந்த வாரம் எப்படிப் போச்சுன்னு ஆளுக்குக் கொஞ்சம் சொல்லலாமா?"

ரேடியோ முந்திக்கொண்டான். "எங்க மாமனாருக்குச் சோறு ஊட்டினா என் விரலையே கடிக்கிறாருங்க. பாருங்க, இது விரலா கோவைக்காயா?" பெரிய வட்டத்தில் சிரிப்பு எழுந்தது.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் எனக்கு அந்தக் கேள்வி வந்தது. ரெகுலேட்டரை மூடினேனா? காலையில் கஞ்சி வைத்தேன். நாத்தனாரின் அழைப்பு வந்தது. பாத்திரத்தை இறக்கினேன், அடுப்பை அணைத்தேன். அதற்குப் பிறகு என் கை எங்கே போனது? தினமும் மூடுகிற கை அது. தினமும் மூடுவதாலேயே, இன்று மூடியதா என்பது நினைவில் நிற்கவில்லை. என் கணவரின் தலைக்குள் இருப்பது இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு கணம் எண்ணினேன்.

"அக்கா, நீங்க?" என்றான் கடிகாரம்.

"என் வீட்டுக்காரர் உள்ள இருக்கார்" என்றேன். "வெளிய பூட்டிட்டு வந்துட்டேன். அவருக்கு ஒண்ணும் நெனவிருக்காது. அடுப்பைப் பத்த வச்சிடுவார். நான் காஸை மூடினேனான்னு தெரியல."

கடிகாரம் இரு நொடி மௌனம் காத்தான். பாடத்தில் அப்படித்தான் உள்ளது. பிறகு முன்னால் சாய்ந்தான். அதுவும் பாடத்தில் உள்ளதே. "நீங்க எவ்வளவு பயந்து போயிருக்கீங்கன்னு புரியுது. இப்படி மனசு விட்டுச் சொன்னதுக்கு நன்றி. வேற யாருக்காவது இந்த மாதிரி பயம் இருக்கா?"

"இருங்க, நான் முடிக்கல" என்றேன். "என் நாத்தனார் வர்றதா இருந்தது. வரல. வீட்ல யாருமே இல்ல. இப்ப, இந்த நிமிஷம்."

"நிச்சயமா. மத்தவங்களுக்கும் வாய்ப்பு கொடுத்துட்டுத் திரும்ப உங்ககிட்ட வருவோம், சரியா?"

பெரிய வட்டத்தில் பேனாக்கள் ஓடின. அவர்கள் எழுதியது என்னவென்று எனக்குத் தெரியும். அதிகம் பேசும் உறுப்பினரை வழிநடத்துநர் புண்படுத்தாமல் நிறுத்தினார். பேச்சைக் குழுவுக்குத் திருப்பினார். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண். நானாக இருந்தாலும் அப்படியே எழுதியிருப்பேன்.

ரேடியோ வாயை மறைத்துக்கொண்டு, "அக்கா, பின்றீங்க" என்றான்.

நான் பேராசிரியையைப் பார்த்தேன். அவர் சன்னலோரம் அமர்ந்து தலையை மெல்ல அசைத்தார், அது பாராட்டு. அவரிடம் நேரடியாகச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "மேடம், இது நடிப்பு இல்ல."

அறையில் ஓர் இனிய சலசலப்பு எழுந்தது. அதன் காரணமும் எனக்குத் தெரிந்ததே. சென்ற மாதம் ரேடியோ இதே வட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்து, "அய்யோ மேடம், இது நடிப்பு இல்ல, அட்டையைத் தூக்கிப் போடுங்க" என்று கதறினான். வழிநடத்தியவள் பதறி அமர்வைக் கலைத்தாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவர ஓடினாள். உடனே எழுந்து உட்கார்ந்து, "சும்மா" என்றான். அன்று பேராசிரியை எங்களுக்கு எழுதச் சொன்னது என் ஏட்டில் அடிக்கோடிட்டு இருக்கிறது. உறுப்பினர் தலைமையைச் சோதிப்பார், வட்டத்துக்கு வெளியே நிற்பதாகச் சொல்வதும் வட்டத்துக்குள் நிகழும் செயலே, கலங்காதீர்கள்.

கடிகாரம் கலங்கவில்லை. "இங்க சொல்றது யாருக்கும் போய்ச் சேரலன்னு உங்களுக்குத் தோணுது, இல்லையா?" என்றான் கனிவாக.

"ஆமாம்" என்றேன். "அதேதான். போய்ச் சேரல."

"ரொம்ப முக்கியமான விஷயம் சொன்னீங்க."

எழுந்துவிட்டேன். என் வாழ்நாளில் எந்த வகுப்பிலும் நான் இடையில் எழுந்தவள் அல்லள். கடிகாரமும் எழுந்து, என்னைத் தொடாமல், என் பாதைக்குச் சற்றுப் பக்கவாட்டில் நின்றான். "முடியறவரைக்கும் யாரும் எழுந்து போகக் கூடாதுன்னு முதல் நாளே நாமெல்லாம் சேர்ந்துதான் ஒத்துக்கிட்டோம். போகணும்னு தோணுற அளவுக்கு உள்ள என்ன நடக்குதுன்னு உக்காந்து பேசலாமா?"

கதவுக்கும் எனக்கும் இடையே பத்தடி தூரம்கூட இல்லை. போயிருக்கலாம். ஏன் உடனே போகவில்லை என்று அன்றிலிருந்து பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். போனால் மூன்றாம் தடவை. தாள் போகும், இடம் போகும். மறுபடியும் விளக்கடியில் சட்டை, சிவப்புச் சீட்டு. ஒருவேளை ரெகுலேட்டரை மூடியிருந்தால்? ஒருவேளை அவர் தூங்கிக்கொண்டிருந்தால்? ஒன்றும் ஆகாத வீட்டுக்கு ஓடிப்போய், கைகூடி வந்த எல்லாவற்றையும் இழந்து நின்றால்? எனவே நான் நின்ற இடத்திலேயே நின்று, இன்னும் உரக்கப் பேசினேன். பேசப் பேச அட்டையில் எழுதியிருந்த பெண்ணாகவே ஆனேன். என் குரல் உயர்ந்தது, கைகள் ஆடின, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். பூட்டு. அடுப்பு. காஸ். பாப்பாவுக்குக் காய்ச்சல். எவரும் என்னை நம்பாமற்போவதற்கு வேண்டிய யாவற்றையும் நானே செய்தேன்.

"அக்கா."

அந்தக் குரலை முதலில் எவரும் அடையாளம் காணவில்லை. மியூட் என் அருகில் எழுந்து நின்றாள். அவளுடைய அட்டையில், அமர்வு முடியும்வரை ஒரு சொல்லும் பேசாத உறுப்பினர் என்று எழுதியிருந்ததைப் பின்னர் அறிந்தேன். பேசினால் அவளுக்கு மதிப்பெண் இல்லை. அவள் என் வலக்கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே வீட்டுச் சாவி இருந்தது. அதன் பற்கள் உள்ளங்கையில் பதிந்து தோல் கிழிந்திருந்தது. அதை நான் அதுவரை உணரவில்லை.

"நெஜமாவா?" என்று கேட்டாள்.

எங்கள் பாடநூலில் திறந்த வினா, மூடிய வினா, எதிரொலிக்கும் வினா என வகை வகையாக வினாக்கள் உள்ளன. இந்த ஒரு வினாவை அந்த அறையில் அதுவரை எவரும் கேட்டிருக்கவில்லை.

"நெஜம்டீம்மா" என்றேன்.

"மேடம், கதவைத் தெறங்க" என்றாள் அவள். கடைசி வரிசைவரை கேட்டது.

பேராசிரியையின் சிறிய காரில் ஐவர் நெருக்கியடித்து அமர்ந்தோம். நாத்தனாரைக் கூப்பிட்டேன்; அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனை வரிசையில் நின்றாள். "அய்யோ அண்ணி, நீங்க போயிட்டீங்களா? நீங்க இருப்பீங்கன்னுல்ல நான்..." என்று சொல்லி அழத் தொடங்கினாள். எங்கள் வீட்டுக்குக் கீழே இஸ்திரிக் கடை. கடைக்காரர் எண் என்னிடம் இல்லை. தினம் பார்க்கிறவரின் எண் எதற்கு என்று இருந்துவிட்டேன்.

"சத்தியமா நடிக்கிறீங்கன்னுதான் நெனச்சேங்க்கா" என்றான் ரேடியோ. "கை வேற தட்டப் போனேன்."

"போன மாசம் நீ போட்ட கூத்துதான்டா எல்லாத்துக்கும் காரணம்" என்றான் கடிகாரம்.

"நீ மட்டும் என்ன கிழிச்ச? மத்தவங்களுக்கு வாய்ப்பு கொடுப்போம், மத்தவங்களுக்கு வாய்ப்பு கொடுப்போம்னு ஏலம் விட்டுட்டு இருந்த. உள்ள இருக்கற அந்த மனுஷனுக்கு யாருடா வாய்ப்பு கொடுப்பா?"

"ரெண்டு பேரும் வாயை மூடுறீங்களா?" என்றார் பேராசிரியை. "எடதா வலதா, சொல்லுங்கம்மா."

தெருமுனையில் திரும்பியதும் புகை தென்படவில்லை. அதை ஆறுதலாகக் கொள்வதா என்று அறியேன். எரிவாயு புகைவதில்லை, காத்திருக்கும். இஸ்திரிக்காரர் எங்களைக் கண்டதும் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "மேல ஏதோ தட்டுற சத்தம் கேட்டுச்சு. ஆணி அடிக்கிறாங்கன்னு நெனச்சேன்மா. இப்பக் கொஞ்ச நேரமாக் கேக்கல."

படியில் ஏறியபோது தீய்ந்த பால் நாற்றம் வந்தது. சாவியைப் பூட்டுக்குள் நுழைக்க என்னால் இயலவில்லை. மியூட் வாங்கித் திறந்தாள். கதவு உள்ளே போக மறுத்தது. அதன் பின்னால் அவர் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, நான்தான். கொஞ்சம் நகருங்க. நகருங்க."

நெடுநேரம் கழித்து அசைந்தார். உள்ளே போனோம். பாத்திரத்தின் அடி கரியாகி உட்குழிந்திருந்தது. அடுப்பின் திருகு முழுதும் திறந்திருந்தது, தீ இல்லை. பேராசிரியை மூச்சைப் பிடித்துக்கொண்டு சன்னல்களைத் திறந்தார். கடிகாரம் உருளையை ஆட்டிப் பார்த்தான். "காலி" என்றான். உருளை தீர்ந்துபோயிருந்தது. இந்த வாரம் தீர்ந்துவிடுமே, மாற்று உருளைக்கு என்ன செய்வது என்று நான் நாள்தோறும் கவலைப்பட்ட உருளை அது. அது இன்னும் சிறிது நிரம்பியிருந்தால் என்ற எண்ணத்தை என்னால் அதன் முடிவுவரை கொண்டுபோக இயலவில்லை, இன்றும் இயலவில்லை.

ரெகுலேட்டரை நான் மூடியிருக்கவில்லை.

அவர் கையில் அலுமினியக் கரண்டி இருந்தது. அதைக் கொண்டுதான் கதவைத் தட்டியிருக்கிறார். பிறகு விரல்களால் தட்டியிருக்கிறார். நகக்கண்களில் இரத்தம் உறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் குழந்தையைப்போல் கோணியது.

"யாரோ பூட்டிட்டாங்க" என்றார். "உனக்கு டீ போட்டேன். கொண்டுவந்து குடுக்கலாம்னா கதவு தெறக்கல."

"நான்தாங்க பூட்டினேன்."

"நீயா?" அவர் என் முகத்தைக் கவனமாகப் பார்த்தார், சுவரைப் பார்ப்பதுபோல. "நீ பூட்ட மாட்ட."

"நான்தான்."

"நீ பூட்ட மாட்டம்மா. வேற யாரோ." என்னை ஆற்றும்விதமாகத் தோளைத் தட்டினார். "விடு. நீ வந்துட்டல்ல."

நான் அழுதேன். என் வகுப்பினர் பார்க்க, பேராசிரியை பார்க்க அழுதேன். ரேடியோ திரும்பி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். சுவரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

அதன் பின் அவர்கள் எங்கள் வீட்டுத் தரையில் அமர்ந்தார்கள். நாற்காலி இரண்டே இருந்தன. மியூட் வெந்நீரும் பஞ்சும் எங்கே என்று என்னைக் கேட்டு, பிறகு இஸ்திரிக் கடையிலிருந்து வெந்நீர் வாங்கி வந்து, அவர் விரல்களைத் துடைத்தாள். எல்லோர் முகத்திலும் ஒரு நல்ல காரியத்தின் ஒளி வந்தது.

"அக்கா, இனிமே நீங்க தனியா இல்ல" என்றான் கடிகாரம். "நாங்க முறை போட்டுக்கறோம். வகுப்பு நாள்ல ஒருத்தர் வந்து அண்ணன்கூட இருக்கறோம். நான் முதல் வாரம்."

"நான் ரெண்டாவது" என்றான் ரேடியோ. "எனக்கு டீ நல்லா வரும். அண்ணனுக்கு நான் போட்டுத் தர்றேன், அவரு எனக்குப் பெயின்ட் அடிக்கக் கத்துத் தரட்டும்."

"நானும்" என்றாள் மியூட்.

பேராசிரியை அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "எந்த வகுப்பு நாள்ல?" என்று கேட்டார்.

"குழுப்பணி நாள்லதான் மேடம்."

"அன்னிக்கு நீங்க எங்க இருப்பீங்க?"

அவர்கள் யாவரும் அந்த நேரத்தில் அதே வட்டத்தில் இருக்க வேண்டியவர்கள். என்னைத் தெரிந்த அத்தனை பேரும், எனக்கு உதவ முன்வந்த அத்தனை பேரும், எனக்கு உதவி தேவைப்படும் அந்த ஒரே வேளையில் என்னோடேயே பூட்டப்பட்டிருப்பார்கள். ரேடியோ மட்டும் சிரிக்க முயன்று, "அப்ப மத்த நாள்ல வேணும்னா..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். மற்ற நாட்களில் நான் வீட்டில் இருக்கிறேன்.

படியிறங்கும்போது பேராசிரியை என்னிடம் தனியே சொன்னார். "இன்னிக்கு வருகை போட்டுடறேன். அதுக்கு மேல என் கையில இல்லம்மா. விதி துறையோடது. அடுத்த வாரம் எப்படியாவது வந்துடுங்க." சற்று நின்றார். "நேர்காணல்லயே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா எடம் குடுத்திருப்பீங்களா மேடம்?"

அவர் காத்திருந்தார். இம்முறை காத்திருந்தது எனக்காக என்று தோன்றவில்லை. பிறகு காரில் ஏறிக்கொண்டார்.

அந்த வாரம் முழுதும் நான் தட்டாத கதவு இல்லை. நாத்தனாரின் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. அவள் கண்ணில் தூக்கமே இல்லை, அவளைக் கேட்கவே வாய் வரவில்லை. இஸ்திரிக்காரர், "தாராளமாப் பாத்துக்குவேன், ஆனா பெட்டி சூடா இருக்கும்போது அவரு வந்து தொட்டுட்டா?" என்றார், அது நியாயம். பகல்நேரப் பராமரிப்பு நிலையத்தில் என் கணவரை ஒரு முழு முற்பகல் வைத்துப் பார்த்தார்கள். அவர் எல்லாக் கதவுகளையும் திறக்கச் சொல்லி அழுதாராம். பூட்டிய கதவைக் கண்டாலே கரண்டியைத் தேடுகிறார், மன்னிக்கவும் என்று திருப்பி அனுப்பினார்கள்.

வீட்டில் அந்தப் பூட்டை நான் கழற்றிவிட்டேன். இனி அதைப் பூட்ட என் கைக்கு வராது. பூட்டாமல் அவரைத் தனியே விடவும் முடியாது. இந்த இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே நான் நிற்க ஓரிடம் உண்டா என்று தேடினேன். கடைசியில் அவருக்குச் சலவைச் சட்டை போட்டு, தலை வாரி, கையைப் பிடித்துப் பேருந்தில் ஏற்றினேன்.

"எங்க போறோம்?" என்றார்.

"என் பள்ளிக்கூடத்துக்கு."

"பரீட்சையா?"

"ஆமாங்க."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"அப்பப் பயப்படாத" என்றார். சற்று நேரம் கழித்து, "எங்க போறோம்?" என்றார்.

பேராசிரியை எங்களை வாசலில் கண்டார். அவர் முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் வாதாடியிருப்பேன். "வெளியாள் உள்ள இருந்தா பயிற்சி செல்லாதும்மா. இங்க பசங்க மனசு விட்டுப் பேசறாங்க, அவங்களுக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கேன். உங்களுக்காகத் துறைத் தலைவர்கிட்ட ஏற்கெனவே கேட்டுப் பாத்துட்டேன். முடியாதுன்னுட்டார்." அவர் கூறியதில் ஒரு பிழையும் இல்லை. உள்ளே பேசியது வெளியே போகாமல் காக்கும் மறைகாப்பு என்பது குழுப்பணியின் உயிர்நாடி. தேர்வில் அதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.

"நான் இங்க வராந்தாவுலயே உக்காந்துக்கறேன் மேடம்" என்றேன். "கேட்டுக்கறேன்."

"வருகை போட முடியாது."

"தெரியும்."

சுவரோரம் ஒரு நீள இருக்கை இருந்தது. அதில் அமர்ந்தோம். உள்ளே வருகைப் பதிவு படித்தார்கள். என் எண் வந்தது. கதவு இன்னும் சாத்தப்படவில்லை. நான் "உள்ளேன்" என்று சொன்னால் கேட்கும் தூரம்தான். பேராசிரியை தலை நிமிராமல் ஒரு கணம் காத்திருந்தார். பிறகு அடுத்த எண்ணைப் படித்தார்.

முடிந்தது. அத்தனை தேநீர் இடைவேளைகளும், அந்தச் சன்னலோர இருக்கையும், ஒரு மூச்சு விடும் நேரத்தில் முடிந்தன. ஆனாலும் எழுந்து போக எனக்குத் தோன்றவில்லை. எங்கே போவது? பையிலிருந்து ஏட்டை எடுத்துத் தேதியை எழுதினேன்.

குழுவுக்கு வராத உறுப்பினரின் நாற்காலியை வட்டத்திலிருந்து அகற்றலாகாது என்பது முறை. அவர் இன்னும் குழுவைச் சேர்ந்தவரே என்பதற்கு அது அடையாளம். என் நாற்காலி மியூட்டின் பக்கத்தில் காலியாக இருந்தது. அன்று வழிநடத்த வேண்டியவள் அவளே. பேராசிரியை கதவைச் சாத்துவதற்காக எழுந்து வந்தார்.

நான் ஏட்டில் குனிந்திருந்தேன். என் பக்கத்தில் கணவர் இல்லாதது பிறகுதான் உறைத்தது. அவர் சுவரைத் தடவிக்கொண்டே போய், கதவு நிலையைத் தடவி, பேராசிரியையின் கைக்கு அடியில் நுழைந்து, உள்ளே போய்விட்டார். வட்டத்தில் ஒரே ஒரு நாற்காலி காலியாக இருப்பதைக் கண்டு, வேட்டியைச் சரிசெய்துகொண்டு அதில் அமர்ந்தார். கடிகாரம்கூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

பேராசிரியை அவரைக் கூப்பிட வாயெடுத்தார். மியூட் முந்திக்கொண்டாள்.

"வாங்கண்ணா" என்றாள். குரல் வராந்தாவரை வந்தது. "ஏதாவது சொல்லணுமா?"

அவர் வட்டத்தில் இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "கதவைச் சாத்திடாதீங்க" என்றார்.

"சாத்தலண்ணா."

பேராசிரியையின் கை கதவுப் பிடியிலேயே இருந்தது. கதவு அசையவில்லை. என் கணவர் திரும்பி, திறந்திருந்த வழியாக, நீள இருக்கையில் ஏட்டோடு அமர்ந்திருந்த என்னைக் கண்டுகொண்டார். நெற்றி சுருங்கியது.

"அவ ஏன் வெளிய உக்காந்திருக்கா?" என்று கேட்டார்.

வழிநடத்துநர் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பலாகாது என்பது ஆறாம் பாடம். மியூட் அதை நன்றாகக் கற்றிருந்தாள். எவரும் பதில் சொல்லவில்லை. அவர் காத்துக்கொண்டிருந்தார். பின்பு, கேட்டது மறந்துபோய், மறுபடியும் என்னைப் பார்த்தார். மறுபடியும் முதல் தடவை கேட்பதைப்போலவே அதையே கேட்டார்.